கோபுரத்தடி நீலக் கட்டி

கடைசியாக நீங்கள் யாரை நோக்கி விரலை நீட்டினீர்கள்? நீட்டுவதற்கு முன் அந்த விரலைத் திருப்பிப் பார்த்தீர்களா, அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று?

பார்த்திருக்க மாட்டீர்கள். யாரும் பார்ப்பதில்லை. விரல் நீட்டுவது அவ்வளவு சுகமான வேலை. உடம்பு நோகாது, கை அழுக்காகாது, சுற்றி நிற்பவர்களும் நம் பக்கம் வந்துவிடுவார்கள். இது அப்படி நீட்டிய ஒருவருடைய கதை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எழுதவே தேவையில்லை, கெட்டவர்களை நாம் சுலபமாக அடையாளம் கண்டுகொள்கிறோம். நம்மைப் போன்றவர்களைத்தான் கண்டுகொள்ள முடிவதில்லை.

ஏரிக்கரைக் காட்டுச் சரணாலயத்தில் அவரை ரேடியோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவிகூடக் கோபம் வந்தால் அந்தப் பெயரைத்தான் எடுப்பார். சரணாலயத்துக்கு வருவதற்கு முன் அவர் பஸ் கண்டக்டர். ஏரியைச் சுற்றிப் போகும் வண்டியில் வேலை. தொண்டை அப்படி. படிக்கட்டில் நின்று "ஏரி இறங்கு!" என்று ஒரு குரல் விட்டால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். அதோடு விடமாட்டார். "இறங்கி மேல பாருங்க. கீழ பாத்து நடக்கிறதை வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம்" என்று இலவசமாக ஒரு வரி சேர்ப்பார். ஒருநாள் அந்த வண்டியில் வந்த சரணாலய அதிகாரி, பிற்பாடு எல்லோருக்கும் பெரிய சார் ஆனவர், கேட்டுச் சிரித்துவிட்டு, "இந்த வாயை எங்ககிட்ட குடுத்துடுங்க" என்றார். வாய் போனது, ஆளும் கூடவே போனார்.

காட்டு நடுவே மரத்தால் கட்டிய உயரமான கோபுரம் ஒன்று உண்டு. ஏறி நின்றால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் மர உச்சிகள். கோடைக்கும் குளிருக்கும் நடுவே, இடம் மாறிப் போகும் பருந்துகளும் வைரிகளும் பூனைப்பருந்துகளும் அந்த வழியாகத்தான் போகும். பார்க்கக் கூட்டம் வரும். கூட்டத்துக்குச் சொல்வதுதான் ரேடியோவின் வேலை.

"உள்ள நகருங்க, உள்ள நகருங்க, பின்னாடி இடம் இருக்கு" என்று கோபுரத்திலும் பஸ்தான் ஓட்டுவார். "இந்தப் பெரிய பறவைங்க இருக்கே, பரம சோம்பேறிங்க. றெக்கை அடிச்சுப் பறக்கிறது அதுங்களுக்குக் கௌரவக் குறைச்சல். வெயில்ல தரை சூடாகி மேல கிளம்புது பாருங்க காத்து, அதுதான் அதுங்களுக்கு பஸ். ஏறி உக்காந்தா போதும், சுத்திச் சுத்தி உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுடும். அங்கேர்ந்து அடுத்த ஸ்டாப் வரைக்கும் சறுக்கிக்கிட்டே போகும். ஆனா தண்ணி மேல பஸ் ஓடாது. ஏரி சட்டுனு சூடாகாது, காத்து கிளம்பாது. அதனால ஏரியைக் கண்டதும் எல்லாம் கரையோரம் திரும்பி நம்ம காட்டு மேல வரிசையா வரும். டிக்கெட் கேக்கத்தான் ஆள் இல்லை."

ஜனங்கள் சிரிப்பார்கள். சிரித்தபடியே கற்றுக்கொள்வார்கள். நல்ல வேலைதான் செய்தார். அதை மறுப்பதற்கில்லை.

சரணாலய வேலிக்கு அந்தப்புறம், கோபுரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட கோழிக் கொட்டகை ஒன்று இருந்தது. வேலி வருவதற்கு முன்பே வந்த கொட்டகை. அதை வைத்துப் பிழைப்பவர் தனி ஆள். ஊருக்கே கோழியக்கா. முட்டை வாங்க வருகிறவர்களிடம் "நேத்து இட்டது இது, இன்னைக்கு இட்டது இது, கலந்து தரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்கிற ரகம். ரேடியோ வீட்டுக்கும் முட்டை அங்கிருந்துதான்.

அந்த வருஷம் பருந்துகள் வரத் தொடங்கிய புதிதில் ஒன்று இறங்கி அவருடைய கோழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. கோழியக்கா வேலியோரம் வந்து நின்று கோபுரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"உங்க பருந்து என் கோழியைத் தூக்கிட்டுப் போச்சு! அது வயிறு வெடிச்சுச் சாக!"

மேலே நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. ரேடியோ கைப்பிடியில் சாய்ந்துகொண்டு பதில் விட்டார். "அக்கா, எவ்வளவோ தூரத்திலேர்ந்து வந்த விருந்தாளி! ஒருவேளை சோறு போடக் கூடாதா?"

"விருந்தாளியை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ! உன் நாக்கைக் கொத்தித் தின்னட்டும், நாலு பேருக்காவது காது குளிரும்!"

கோபுரமே குலுங்கிச் சிரித்தது. ரேடியோவும்தான். அடுத்த நாள் கோழியக்கா பழைய மீன்வலை ஒன்றைக் கொண்டுவந்து கோழிகள் மேய்கிற இடத்துக்கு மேலே கட்டினார். பருந்துப் பிரச்சினை அதோடு முடிந்தது. கோபம் வந்தது, வலை கட்டினார், கோபம் போனது. புத்தியுள்ள மனுஷி செய்கிற காரியம். ஆனால் அந்தச் சாபம் கேட்டவர்கள் காதில் தங்கிவிட்டது.

கோபுரத்துக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு: எலி. பறவை பார்க்க வருகிறவர்கள் சும்மா பார்ப்பதில்லை. கொறித்துக்கொண்டே பார்ப்பார்கள். பிஸ்கட் தூள், கடலை, சோளப்பொரி எல்லாம் பலகை இடுக்கு வழியாகக் கீழே விழும். படிக்கட்டுக்கு அடியில் சாமான் அறை. அதைச் சுற்றி வளைகள். எலிகள் நன்றாக வளர்ந்தன. ஒருநாள் மேலிடத்திலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தபோது ஓர் எலி ஓர் அம்மாளின் பாதத்தின் மேலே ஏறி ஓடியது. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த வைரி பறந்துவிட்டது.

பெரிய சார் ரேடியோவைத் தனியே கூப்பிட்டார். "இனிமே இங்க ஒரு எலி என் கண்ணுல படக் கூடாது."

"கூண்டு வச்சுப் பாக்கிறேன் சார். கொஞ்ச நாள் ஆகும்."

"கொஞ்ச நாளா? அடுத்த வாரமே மறுபடியும் வர்றாங்க. என்ன செய்வீங்களோ, எப்படிச் செய்வீங்களோ, எனக்குத் தெரியாது."

இந்த "எனக்குத் தெரியாது" இருக்கிறதே, இதை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் வாயில் அடிக்கடி கேட்கலாம். காரியம் நடக்க வேண்டும், கறை மட்டும் கீழே நிற்பவன் சட்டையில் விழ வேண்டும்.

ரேடியோ கடைக்குப் போனார். கடைக்காரர் நீல நிறக் கட்டிகள் நிறைந்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். "வச்சா போதும் அண்ணே. தின்னுட்டு உடனே சாகாது. மெதுவா வெளிய போய்த்தான் சாகும். உங்களுக்கு நாத்தம்கூட வராது."

வெளியே போய்ச் சாகும். விற்கிறவன் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறான். வெளியே என்றால் எங்கே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று வாங்குகிறவன் கேட்பதில்லை. பருந்துகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற ரேடியோவும் கேட்கவில்லை. சரணாலய வாசலில் "நஞ்சு உள்ளே கொண்டுவரக் கூடாது" என்று பலகை தொங்குகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறவரே அவர்தான். அது திருட்டு வேட்டைக்காரனுக்கு எழுதியது என்றுதான் அவர் மனத்தில் பதிந்திருந்தது. கட்டிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அதே பலகையைத் தாண்டி உள்ளே வந்தார். படிக்கட்டுக்கு அடியிலும் சாமான் அறை மூலைகளிலும் வளை வாசல்களிலும் வைத்தார். வேலை முடிந்தது. எலிகள் குறைந்தன. பெரிய சார் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லை, எதிர்க்காற்று வேறு. ரேடியோ பாஷையில் சொன்னால் பஸ் ஓடவில்லை. வந்த பறவைகள் மேலே போக முடியாமல் காட்டிலேயே தங்கின. பசி. அதே நாட்களில் கோபுரத்துக்கு முன்னால் உள்ள புல்வெளியில் பட்டப்பகலில் எலிகள் வரத் தொடங்கின. பகலில் எலி வெட்டவெளிக்கு வருமா? வந்தன. தள்ளாடிக்கொண்டு, ஓடத் தெரியாததுபோல மெதுவாக வந்தன. பருந்துகள் மரத்திலிருந்து விழுவதுபோல இறங்கித் தூக்கிக்கொண்டு போயின.

கோபுரம் கைதட்டியது.

"பாருங்க, பாருங்க! காலை நீட்டுது பாருங்க! விட்டுடுமா? விடாது!" ரேடியோவுக்குக் குரல் உச்சத்தில். "இத்தனை வருஷத்துல இவ்வளவு கிட்டத்துல வேட்டை பாத்ததில்லைங்க. உங்களுக்கு யோகம்!" பறவைச் சங்கத்திலிருந்து வந்திருந்த கேமராக்காரர், தொப்பியும் கையளவு லென்சுமாக எப்போதும் முன்வரிசையில் நிற்பவர், படம் எடுத்துவிட்டு வந்து ரேடியோவின் தோளில் தட்டினார். "அண்ணே, இந்த சீசன் உங்க சீசன்." மறுபடியும் கைதட்டல். ஒவ்வொரு இரையாக, ஒவ்வொரு கைதட்டலாக, நஞ்சு பறவைகளின் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஒரு பூனைப்பருந்து. மரத்தடியில் இறக்கைகளைத் தொங்கவிட்டு நின்றது. ரேடியோ கிட்டே போனபோதும் பறக்கவில்லை. துண்டைப் போட்டுத் தூக்கினார். கனமே இல்லை. மஞ்சள் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பிறகு அவர் கையிலேயே கண் மூடியது. அடுத்தடுத்து இன்னும் விழுந்தன. ஏரிக்கரையில், பாதையில், கோபுரப் படியில்கூட.

சங்கத்துக்காரர்கள் ஓடிவந்தார்கள். செத்த பறவைகளை வரிசையாகக் கிடத்தியபோது சிலர் அழுதார்கள். கேமராக்காரர்தான் கேட்டார். "யார் செய்வா இந்தப் பாவத்தை?"

ரேடியோவுக்கும் கண் நிறைந்திருந்தது. அழுகையும் கோபமும் கலந்து நிற்கும்போது மனிதனுக்கு உடனே ஓர் ஆள் வேண்டும். அவர் விரல் தானாக எழுந்து வேலிக்கு அந்தப்புறம் போனது.

"அன்னைக்கே சொன்னாளே, வயிறு வெடிச்சுச் சாகன்னு. எல்லாரும்தான் கேட்டோம்."

அக்கா என்று அழைத்த வாய், சொன்னாளே என்றது. மரியாதைதான் முதலில் போகும். மற்றது எல்லாம் பிறகு போகும்.

மற்றது அன்று சாயங்காலமே போனது. சங்கத்துக்காரர்கள் கூட்டமாகக் கொட்டகைக்குப் போனார்கள். கேமராக்காரர் வலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார். கோழிகள் சிதறி ஓடின. "விஷம் எங்கடி வச்சிருக்கே?" என்று ஒருவன் கேட்டான். "தீவன மூட்டையைக் கொட்டிப் பாருங்கடா" என்றான் இன்னொருவன். கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் உறுதியானது, ஒளித்து வைத்துவிட்டாளாம். மறுநாளிலிருந்து முட்டை வாங்க ஆள் வரவில்லை. கொட்டகையை அங்கிருந்து எடுக்கச் சொல்வதா என்று முடிவு செய்யப் பெரிய சார் கூட்டம் ஒன்று அறிவித்தார். ரேடியோ வீட்டில் மனைவியிடம் சொன்னார்: "இனிமே அவகிட்ட முட்டை வாங்காதே."

ஒரே ஒரு கேள்வியைக் கொட்டகைக்குப் போனவர்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம். தரையில் கிடக்கிற எதையும் கொத்தித் தின்கிற கோழிகளை வளர்க்கிறவர், அந்தத் தரையில் நஞ்சு வைப்பாரா? இதைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டாம். கோழியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். ஆனால் சாபம் கேட்டுவிட்டார்கள். வாயால் சொன்ன வார்த்தை வானத்தில் போய்ப் பருந்தைத் தின்றுவிடும் என்று, கையில் விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருக்கிறவர்கள் நம்பினார்கள். தனியாக வாழ்கிற ஏழைப் பெண் மட்டும் நடுவே இருந்தால் போதும், படித்த நாமும் காரண காரியம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம்.

நகரத்திலிருந்து கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். இளம் பெண். பார்வையாளர் கூடத்தின் பின்னறையில், டீ வைக்கும் மேசைமேல் செய்தித்தாள் விரித்துப் பருந்தை அறுத்தார். ரேடியோ இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய சார் மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

"கறியில தடவி வச்ச விஷம் இல்லை இது" என்றார் டாக்டர். "ரத்தம் உறையவே இல்லை பாருங்க. உள்ளுக்குள்ளயே கசிஞ்சு கசிஞ்சு செத்திருக்கு." இடுக்கியால் வயிற்றிலிருந்து எதையோ எடுத்தார். பாதி செரித்த எலி. அதைப் பிளந்தபோது அதன் குடல் நீலமாக இருந்தது. "எலி மருந்து. எலி தின்னுருக்கு, எலியை இது தின்னுருக்கு. மருந்து தின்ன எலி மந்தமாயிடும், பகல்லயே வெளிய வந்து தள்ளாடும். பருந்துக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது?"

ரேடியோ அந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு இறக்கையைப் பிடித்திருந்த தன் விரலைப் பார்த்தார். நக இடுக்கில் இன்னும் போகாமல் அதே நீலம். புல்வெளியில் தள்ளாடிய எலிகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. கைதட்டல் வந்தது. "உங்களுக்கு யோகம்" என்ற தன் குரலும் வந்தது.

பெரிய சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எலி மருந்தா? அப்போ கோழிக் கொட்டகைதான். தீவனம் இருக்கிற இடத்துல எலி இருக்கும்."

"இருக்கலாம்" என்றார் டாக்டர். "இங்க உள்ள யாராவது வைக்கிறீங்களா?"

"இங்கயா? வாசல்லயே போர்டு இருக்கு டாக்டர்." பெரிய சார் ரேடியோ பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. நாம வைக்கிறோமா?"

ஏரியின் அக்கரை வரைக்கும் எட்டுகிற குரல் அது. அன்று மேசையைக்கூடத் தாண்டவில்லை.

"இல்லை சார்."

சொன்னவுடனே டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரேடியோ இறக்கையை விட்டுவிட்டு வெளியே வந்து குழாயில் கை கழுவினார். சோப்புப் போட்டார், மண் போட்டுத் தேய்த்தார், தோல் சிவந்தது. நீலம் போகவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் கோபுரத்துக்கு அடியில் முழங்காலில் நின்று கட்டிகளைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கெங்கே வைத்தார் என்று அவருக்கே முழுசாக நினைவில்லை. பின்னால் சருகு மிதிபடும் சத்தம். கோழியக்கா. சிதறிப்போன கோழிகளைத் தேடிக்கொண்டு வேலி தாண்டி வந்திருந்தார்.

"என்ன ரேடியோ, தரையில தேடுறே? மானத்தையா?"

அவர் சும்மாதான் சொன்னார். அந்த நாள்களில் அவர் எல்லோரிடமும் அப்படித்தான் பேசினார். ரேடியோவுக்கு முதுகில் அறை விழுந்ததுபோல இருந்தது.

"சாவி... சாவி விழுந்துடுச்சு அக்கா. சாமான் ரூம் சாவி."

கோழியக்கா ஒரு நிமிஷம் நின்றார். தன்மேல் பழி போட்டவன் இவன் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். "இரு, ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு. இருட்டிட்டா கிடைக்காது."

"வேணாம் அக்கா. நான் பாத்துக்கிறேன்."

"அட, இரு." சருகைக் கையால் விலக்கினார். படிக்கட்டின் மூலையிலிருந்து ஒன்றை எடுத்தார். "இது என்ன, சோப்புக் கட்டியா? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

ரேடியோ பாய்ந்து அதைப் பிடுங்கினார். "அக்கா, கையைக் கழுவுங்க. முதல்ல போய்க் கையைக் கழுவுங்க!" பதற்றத்தில் எழுந்தார். எழுந்தபோது இடுப்பில் சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது.

கோழியக்கா சாவியைப் பார்த்தார். கட்டியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். ஏரிக்கு இறங்கிப் போய்க் கையை நிதானமாக, விரல் விரலாகக் கழுவினார். திரும்பிப் போகும்போது மட்டும் சொன்னார்: "சாவி கிடைச்சா சொல்லு."

கத்தியிருந்தால் தேவலை. ஊரைக் கூட்டியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. தான் கத்தினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதை வலையைக் கிழித்த அன்று கத்தியே தெரிந்துகொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். "ஏங்க, இது என்ன பையில நீலம்? பேனா வச்சிருக்கிற ஆள்கூட இல்லையே நீங்க. தேச்சுத் தேச்சு என் கைதான் தேயுது."

"விட்டுடு. போகாது."

"எதுல பட்டுச்சு?"

மனைவி நிமிர்ந்து பார்த்தார். இருபத்துநாலு மணி நேரமும் பாடுகிற ரேடியோ அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. "கோழியக்கா விஷம் வச்சதா சொன்னீங்களே" என்றார் மெல்ல, "அந்த அக்கா கோழிக்குச் சளி பிடிச்சாலே மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளுங்க. எனக்கு அன்னைக்கே நம்ப முடியல. நீங்க சொன்னீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அந்த "நீங்க சொன்னீங்களேன்னு" அவரை உட்காரவிடவில்லை. எத்தனை வாய்கள் அவர் சொன்னதால் மூடிக்கொண்டன? சோறு முன்னால் வந்தது. கையை நீட்டினார். நீலம் படிந்த விரல் சோற்றுக்கு மேலே நின்றது. எழுந்துவிட்டார்.

கூட்டத்தன்று காலையில் மனைவி வேறு சட்டை தேய்த்து வைத்திருந்தார். ரேடியோ கொடியில் கிடந்த அந்தச் சட்டையை, இன்னும் ஈரம் காயாததை, எடுத்து மாட்டிக்கொண்டார். மனைவி தடுக்கவில்லை. பையைச் சரிசெய்து, பொத்தானைப் போட்டுவிட்டார்.

பார்வையாளர் கூடத்தில் பெரிய சார், சங்கத்துக்காரர்கள், டாக்டர். கோழியக்கா கதவோரம் நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"உங்க தரப்புல சொல்ல எதாவது இருக்கா?" என்று பெரிய சார் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார் கோழியக்கா. "சாவி கிடைச்சுதான்னு ரேடியோகிட்ட மட்டும் கேளுங்க."

"என்ன சாவி?" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கேட்டார்கள்.

ரேடியோ எழுந்தார். "சாவி தொலையவே இல்லைங்க. மருந்து வச்சது நான்." சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். "கோபுரத்துக்கு அடியில வச்சேன். டாக்டரம்மா கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன். அந்த எலிங்களைப் பருந்து பிடிச்சப்போ உங்களையெல்லாம் கைதட்ட வச்சதும் நான்தான். இந்த அக்கா மேல பழி போட்டதும் நான்தான்."

பெரிய சார் அவசரமாக எழுந்தார். "அவரு மனசு சரியில்லாம இருக்காரு. இதை உள்ளுக்குள்ள விசாரிச்சுக்கலாம். கூட்டத்தை..."

"மனசு சரியாத்தான் இருக்கு சார். உக்காருங்க."

கண்டக்டர் குரல் திரும்பி வந்திருந்தது. பெரிய சார் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கேமராக்காரர் எழுந்து, "அதானே பாத்தேன்! எனக்கு முதல்லயே சந்தேகம்! இந்த ஆளை விடக் கூடாது!" என்று ரேடியோவை நோக்கி விரலை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் நீட்டினார்கள். கொட்டகைக்குப் போன அதே கைகள். ஒரு விரலாவது வெட்கப்பட்டு மடங்கியதா? இல்லை. திசை மட்டும் மாறியது.

கோழியக்கா கதவோரத்திலிருந்து நடுவே வந்தார். "நிறுத்துங்க. மருந்து வச்சது அவன். சரி. என் வலையைக் கிழிச்சது யாரு? என் தீவனத்தைக் கொட்டினது யாரு? அதுக்கும் எலி மருந்துதான் காரணமா?"

கேமராக்காரர் லென்சின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டாக்டர்தான் பேசினார்: "செத்த எலிகள் இன்னும் காட்டுல கிடக்கும். இப்பவே தேடி எடுக்கணும். மத்ததை அப்புறம் பேசலாம்." எல்லோருக்கும் வெளியே போக ஒரு காரணம் கிடைத்தது.

கோழியக்கா தன் கோழிகளைத் தேடப் புறப்பட்டார். ரேடியோ பின்னாலேயே போனார்.

"அக்கா, மன்னிச்சுடுங்க. தெரியாம..."

"தெரியாம வச்சே. அது தப்பு. ஊருல எல்லாரும் செய்யிற தப்பு." திரும்பிப் பார்க்காமலே நடந்தார். "தெரிஞ்ச பிறகு இல்லைன்னே பாரு, அது வேற."

"அது என்னக்கா?"

"அதுக்குப் பேரு எனக்குத் தெரியாது. நீதானே பேசுறவன். நீயே கண்டுபிடி."

ரேடியோவைக் கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அது நியாயம்தான். இப்போது வேறொருவர் மேலே பேசுகிறார். ரேடியோவுக்குக் கீழே வேலை: விழுந்த தின்பண்டத்தைப் பெருக்குவது, எலிக்கூண்டு வைப்பது, காலையில் கூண்டுகளை எடுப்பது. முதலில் கேட்ட "கொஞ்ச நாள்" கிடைத்திருந்தால் அவர் அன்றே செய்திருக்கக்கூடிய அதே வேலை. பெரிய சார் நாற்காலியில்தான் இருக்கிறார். "எனக்குத் தெரியாது" என்று சொன்னவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் இரண்டாவது பலகை ஒன்று மட்டும் வந்திருக்கிறது, முதல் பலகையைவிடப் பெரிய எழுத்தில்.

கொட்டகை இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். மீதிப் பேருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. பழி ஓடுகிற வேகத்தில் உண்மை ஓடுவதில்லை. அதைச் சுமந்துகொண்டு ஓட யாருக்கும் ஆசையில்லை. ரேடியோ புது வலை ஒன்று வாங்கிக்கொண்டு போனார். "வச்சுட்டுப் போ" என்றார் கோழியக்கா. அவ்வளவுதான். ரேடியோவின் மனைவி முட்டை வாங்கப் போனால் பேச்சு நீளமாகப் போகும். அதில் அவர் பெயர் வராது.

அடுத்த பருவத்தில் பறவைகள் மறுபடி வந்தன. வெயில் நன்றாக இருந்தது, காற்று கிளம்பியது. மேலே வரிசையாக வட்டமிட்டன. கோபுரத்தில் கூட்டம் கைதட்டியது. கீழே கூண்டோடு நின்றிருந்த ரேடியோவின் காதிலும் அந்தச் சத்தம் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. மேலே பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், தரையைப் பார்த்து நின்றார்.

இதைப் படித்து முடித்துப் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். எழுந்து போய் உங்கள் பரண்மேலும், அடுப்படி மூலையிலும், கடையின் பின்னறையிலும் பாருங்கள். நீலமோ பச்சையோ, அந்தக் கட்டி இருந்தால் வெறும் கையால் தொடாமல் எடுத்து, குழந்தைக்கும் கோழிக்கும் எட்டாதபடி மூடிக் கட்டிவிட்டுக் கூண்டு வாங்கி வையுங்கள். அது முடிந்ததும் செருப்பைக் கழற்றாதீர்கள். கடைசியாக யாரை நோக்கி விரலை நீட்டினீர்களோ, அவர் வாசலுக்குப் போங்கள். போய்க் கேளுங்கள், நடந்தது என்ன என்று. இன்றைக்கே போங்கள்.